5.6 விநாடிக்கு முன்பே பார்த்த கார் ஏன் நிற்கவில்லை?

ஓட்டுநர் இல்லாத கார் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "குறுக்கே வரும் ஆள் அதற்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியும், இருட்டிலும் தெரியும். 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில், இரவு பத்து மணி வாக்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டிருந்தது. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 110 மீட்டர் தூரம். ஓங்கி பிரேக் போட்டால் 30 மீட்டருக்குள் நின்றுவிடக்கூடிய வண்டி அது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த 5.6 விநாடியைப் பத்தில் ஒரு பங்கு விநாடிகளாகப் பிரித்து ஆராய்ந்தது. கோளாறு கண்ணில் இல்லை, நினைவில் இருந்தது.

கண்களை முதலில் பார்த்துவிடுவோம். லிடார், லேசர் துடிப்பை அனுப்பி அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும் என்பதால் தூரத்தைச் சில செ.மீ. துல்லியத்தில் சொல்லிவிடும். ரேடார், வானொலி அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை நேரடியாகவே சொல்லும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சைரன் சுருதி மாறும் அதே டாப்ளர் விளைவுதான். ஆனால் டாப்ளருக்கு நெருங்குவதும் விலகுவதும் மட்டுமே தெரியும். பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக, இடமிருந்து வலமாகச் சாலையைக் கடப்பவர், காரின் சொந்த வேகத்தைக் கழித்துவிட்டால், ரேடாருக்கு அசையாமல் நிற்பவர் போலத்தான் தெரிவார். விளக்குக் கம்பமும் அப்படித்தான் தெரியும், பெயர்ப் பலகையும் அப்படித்தான். ஆக, எந்தப் பாதசாரியைப் பற்றி நமக்கு மிகவும் கவலையோ அவரிடம்தான் டாப்ளர் கைவிரிக்கிறது.

மிச்சமிருப்பது லிடார். ஒரு நொடிக்குப் பத்து முறை சுழலும் லிடாரை எடுத்துக்கொள்வோம். நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் போவார். இரண்டு சுற்றுகளுக்கு இடையே அவர் நகர்வது வெறும் 14 செ.மீ. அதற்குள் கால் மாறும், சைக்கிள் சக்கரத்தின் வழியே சில கதிர்கள் ஊடுருவிப் போகும். புள்ளித் திரளின் மையம் பத்துப் பன்னிரண்டு செ.மீ. தன்பாட்டுக்கு ஆடும். நகர்வா, நடுக்கமா? இரண்டு சுற்றுகளை வைத்துச் சொல்லவே முடியாது. பத்துச் சுற்றுகளைக் கோத்துப் பார்த்தால் 1.4 மீட்டர் நகர்வு பளிச்சென்று தெரியும். 1960-இல் ருடால்ஃப் கால்மன் தந்த 'வடிகட்டி' என்ற கணக்கு முறை இந்த வேலைக்குத்தான் உதவுகிறது: அடுத்த சுற்றில் பொருள் எங்கே இருக்கும் என்று ஊகிப்பது, வந்த அளவீட்டோடு ஒப்பிடுவது, இரண்டில் எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டுக் கலப்பது, திரும்பவும் ஊகிப்பது. அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டியதும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஊகம் இறுகிக்கொண்டே வரும் அழகே தனி.

டெம்பியில் அது இறுகவே இல்லை. மென்பொருள் அந்தப் பெண்ணை முதலில் 'வாகனம்' என்றது, பிறகு 'வேறு ஏதோ' என்றது, மறுபடி 'வாகனம்', அப்புறம் 'சைக்கிள்'. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் பாதையைப் புதிதாக ஊகித்தது. சிலேட்டில் ஒரு வரி எழுதுவதும் அழிப்பதுமாகவே நேரம் போயிற்று. 'பாதசாரி' என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பாதசாரிகள் கடப்பதற்கான கோடு இல்லாத இடத்தில் ஆட்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதே வடிவமைப்பில் இல்லை! இத்தனைக்கும், தன் முன்னால் இருப்பது என்ன என்று காருக்குத் தெரிந்தே ஆக வேண்டியதில்லை. ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது என்று தெரிந்தால் போதும்.

1.2 விநாடி மிச்சமிருந்தபோது ஆபத்து உறைத்தது. ஆனால் பொய் எச்சரிக்கைக்கெல்லாம் கார் வெடுக்கென்று நிற்கக் கூடாது என்பதற்காக, ஒரு விநாடி பொறுத்துச் சரிபார்க்கும் ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். அந்த விநாடி முடிந்தபின்பும் முழு பிரேக் விழவில்லை. முழு பிரேக் போட்டாலும் மோதலைத் தவிர்க்க முடியாது என்றால் மெல்ல வேகம் குறைத்து ஒலி எழுப்பினால் போதும் என்பது விதி. கணக்குப் போட்டால், 1.2 விநாடியிலேயே முழு பிரேக் விழுந்திருந்தால் (பிரேக் பிடிக்கும் தாமதத்தை விட்டுவிட்டால்) மோதல் வேகம் 63-க்குப் பதில் 25, 30 கி.மீ. ஆகியிருக்கும். உயிருக்கும் சாவுக்கும் இடையே அந்த வித்தியாசம் மிகப் பெரிது. அந்தக் காரைத் தயாரித்த வால்வோ நிறுவனம் பொருத்தியிருந்த தானியங்கி பிரேக்கையும், சோதனை ஓட்டத்தின்போது அணைத்துவிடும்படியே அமைத்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப்பேச்சில் இதற்கு 'தலைவிதி' என்று பெயர் வைத்துவிடுவோம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

நினைவுக் கோளாறு வேறு உருவத்திலும் வரும். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய கார் இடித்துத் தள்ளிய ஒரு பெண் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன் விழுந்தார். மோதி நின்ற கார், அதைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாக எண்ணி, ஓரங்கட்டும் நோக்கில் மறுபடி நகர்ந்தது. அடியில் சிக்கியவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. அவர் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார். இழுத்துச் சென்ற செய்தி, ஒழுங்குமுறை அமைப்புக்கு நிறுவனம் அளித்த முதல் அறிக்கைகளில் இல்லை. இந்த இடத்தில்தான் மக்களின் அவநம்பிக்கை முற்றிலும் நியாயமானது. புதிய சென்சார்களுக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கையாவது, விபத்துப் பதிவுகளைப் பிரித்துப் படிக்கும் சுயேச்சையான ஆய்வாளர்களுக்கு அரசுகள் ஒதுக்க வேண்டும். டெம்பி அறிக்கை அப்படிப்பட்டவர்களால்தான் நமக்குக் கிடைத்தது.

"இத்தனை லட்சம் கி.மீ. பத்திரமாக ஓடிவிட்டோம்" என்ற விளம்பரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது சாவு, 10 கோடி மைலுக்கு ஒன்றையொட்டியே நிகழ்கிறது. தானோட்டிக் கார் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரு சாவும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக்காட்ட வேண்டும் என்று ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. 100 கார்கள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடினாலும் பன்னிரண்டரை ஆண்டு. நடுவில் மென்பொருளைப் புதுப்பித்தால், அதுவரை ஓடிய மைல்களை எந்தக் காரின் கணக்கில் எழுதுவது?