ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனாலும் மாரடைப்பு

மாரடைப்பு என்றதும் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்ட ரத்தக்குழாய்தான் நினைவுக்கு வரும். பெண்களுக்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனால் நான் பார்க்கும் பெண்களில் சிலருக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை மாரடைப்பு என்கிறது. ஆஞ்சியோவில் கொழுப்பு அடைப்பைக் காணோம். "அப்போ ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். தேடலைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

முதலில் தேட வேண்டியது, இதய ரத்தக்குழாயின் சுவர் தானாகக் கிழிந்திருக்கிறதா என்று. சுவருக்குள் ரத்தம் தேங்கி, ரத்தம் ஓடும் பாதையை நெரித்துவிடும். இப்படிக் கிழிபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புகளுக்கு முக்கியக் காரணம் இதுதான். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பெண் நெஞ்சு வலிக்கிறது என்றால், வாயு, தூக்கமின்மை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இசிஜி எடுக்கத் தோன்றாது.

ஆஞ்சியோ படத்திலும் இது எளிதில் ஏமாற்றும். சீரான அகலத்தில் வரும் குழாய் ஓரிடத்தில் சட்டென்று மெலிந்து, நுனிவரை அப்படியே போகும். பழகாத கண்ணுக்கு 'இவருக்குக் குழாயே சின்னதுபோல' என்றுதான் படும். அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் கிழிசல் நீளலாம். ரத்த ஓட்டம் இருந்து, நோயாளியும் நிலையாக இருந்தால், மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தாலே போதும். பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடும்.

அப்புறம், குழாய் இறுகிப் பிடித்துக்கொள்வதும், ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்களின் கோளாறும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரிய துக்கத்துக்குப் பின் இதயத்தின் நுனிப்பகுதி செயலிழந்து உப்பி, அசல் மாரடைப்பு போலவே காட்டும் டகோட்சுபோவும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோய் இது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் முதல் சில நாட்கள் ஆபத்தானவை.

கொழுப்பு அடைப்புக்கும் பெண்களிடம் கேட்கத் தவறும் காரணங்கள் உண்டு: கர்ப்பகாலத்தில் வந்த ரத்தக்கொதிப்பு அல்லது சர்க்கரை, நாற்பதுக்கு முன்பே நின்ற மாதவிடாய், முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்). பிரசவமாகி இருபது வருடம் ஆகியிருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், இதை நீங்களே சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், வியர்வை வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முதல் ட்ரோபோனின் சரியாக இருந்தாலும் சில மணி நேரத்தில் இன்னொன்று எடுப்பார்கள்; அதுவரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.