மானபங்கம்: குலைந்தது யார் மானம்?

‘ரயிலில் மாது மானபங்கம், ஆடவர் கைது.’ சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இந்தத் தலைப்பு தேய்ந்தே போய்விட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. மானம், பங்கம் இரண்டும் வடமொழிவழி வந்தவை. பங்கம் என்றால் முறிவு, குலைவு. போரில் தோற்ற மன்னனுக்கும் பொருந்தக்கூடிய சொல்தான். இன்று பெண்ணுடலோடு மட்டும் ஒட்டிக்கொண்டது.

நம் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு ‘அவுட்ரேஜ் ஆஃப் மாடஸ்டி’ பற்றியது. சட்டத்தில் உள்ளதைத்தானே பெயர்த்தோம் என்பார்கள். அதுவும் சரியில்லை. மாடஸ்டி என்றால் நாணம், அடக்கம். மானம் வேறு, அதன் கனமும் வேறு. மயிர் நீத்தால் வாழாத கவரிமா போன்றோர், மானத்துக்கு இழுக்கு வந்தால் உயிரை விடுவர் என்கிறது 969ஆம் குறள். அந்தச் சொல்லைத் தூக்கி இங்கே வைத்தால், தொட்டவன் குற்றவாளி, தொடப்பட்டவரோ மானம் போனவர் என்றாகிறது.

சட்டம் கேட்பது அதையல்ல. தாக்கினாரா, உடல்மீது வலுவைப் பயன்படுத்தினாரா, நோக்கத்தோடு செய்தாரா, விளைவு தெரிந்தே செய்தாரா என்றுதான் கேட்கிறது. பாதிக்கப்பட்டவர் ‘எவராயினும்’ என்கிறது நம் சட்டம். இந்தியச் சட்டம் பெண் என்கிறது. இங்கே ஆடவரும் புகார் கொடுக்கலாம். ‘ஆடவர் மானபங்கம்’ என்று எழுதிப் பாருங்கள், தமிழே நெளியும்.

மாற்றாகச் சிலர் ‘பாலியல் சீண்டல்’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். தம்பி அக்காவைச் சீண்டுவான், பிள்ளைகள் பூனையைச் சீண்டுவார்கள். 2022 மார்ச் 1 முதல் இந்தக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை (முன்பு இரண்டு), அபராதம், பிரம்படி என விதிக்க முடியும். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால் ஐந்தாண்டு வரை. சீண்டலுக்கா பிரம்படி?

மறுகோடியில் ‘பாலியல் வன்கொடுமை’. தமிழ்நாட்டு ஊடகத்தில் இது பெரும்பாலும் வன்புணர்வைக் குறிக்கும். சிங்கப்பூர்க் காவல்துறைப் புள்ளிவிவரத்தில் 354ஆம் பிரிவு வகைப் புகார்கள் 2022இல் 1,610, 2023இல் 1,528. தலைப்பில் ‘1,528 பாலியல் வன்கொடுமைகள்’ என்று போட்டால் வாசகர் என்ன நினைப்பார்? வன்புணர்வு தனிப் பிரிவு, தனிக் கணக்கு. மறைந்திருந்து படமெடுப்பதும் 2020 முதல் தனிக் குற்றம். எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டினால் எது கூடியது, எது குறைந்தது என்றே தெரியாது.

என் தேர்வு ‘பாலியல் அத்துமீறல்’. அத்து என்பது உருதுவழி வந்தது என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், மானபங்கம் மட்டும் என்ன சங்கத்தமிழா? வரம்பை மீறியவர் யார் என்பதை இச்சொல் காட்டுகிறது. புள்ளிவிவரப் பட்டியலின் தலைப்புக்கு இது போதும். செய்தியின் உடலில் நடந்ததை நேரே எழுதலாம்: ‘இடுப்பைத் தொட்டார்’, ‘பிடித்து முத்தமிட்டார்’.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு வழக்கம்: பதிவான புகார்களை ‘நடந்த சம்பவங்கள்’ ஆக்குவது. காவல்துறை எண்ணுவது தன்னிடம் வந்தவற்றைத்தான். 1,610 என்பது 1,528 ஆனதால் 82 பேர் தப்பினார்கள் என்று பொருளல்ல. வெளியே சொல்லாதவர்கள் கூடியிருந்தாலும் அந்த எண் இறங்கும். மானம் போனதாகத் தலைப்பு வரும் என்று தெரிந்தால், எத்தனை பேர் காவல் நிலையப் படியேறுவார்கள்?