ஸ்டியரிங் டேம்பர் – திசைமாற்றித் தணிப்பான்

"நூறைத் தாண்டுனா ஹேண்டில் உதறுதுங்க" என்று கோவைப் பட்டறையில் வண்டியை விடுகிறவர்கள் சொல்வார்களே, அந்த உதறலை அமர்த்துகிற கருவிதான் ஸ்டியரிங் டேம்பர்.

‘டேம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ஆவி, புகை என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல். புகை மூட்டி மூச்சடைக்கச் செய்வது, நெருப்பை அமுக்குவது, ஓசையையும் அதிர்வையும் குறைப்பது என்று பொருள் நகர்ந்து வந்தது. ஈரம் என்பது பிற்பாடு சேர்ந்த பொருள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் ‘தடையுறு அலைவு’ இதே கருத்துதான். ஆனால் கருவிக்குத் ‘தணிப்பான்’ என்பதே பொருந்தும். ‘அடக்கி’ என்றால் அசையவே விடாது என்றாகிவிடும்.

உள்ளே இருப்பது எண்ணெய், பிஸ்டன், ஊசி வால்வு. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் சிறு துளை வழியே எண்ணெய் எளிதாகப் போய்விடும். குழியில் விழுந்து சக்கரம் வெடுக்கென்று திரும்பினால் எண்ணெய் திணறித் தடுக்கும். பழைய புல்லட்டில் ஹேண்டில் நடுவே இருந்த திருகு வெறும் உராய்வுத் தட்டு. மெதுவோ வேகமோ, அதன் பிடி ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்ணெய் டேம்பரில் இறுக்கத்தை மாற்றும் திருகைப் பெரும்பாலும் வலப்புறம் திருப்பினால் இறுகும். முழுக்க இளக்கிவிட்டு அங்கிருந்து கிளிக்கை, அதாவது திருகு ‘டிக்’கென்று நிற்கும் படிகளை, எண்ணுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரு பக்கமும் ஹேண்டிலைக் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) மேலும் திரும்பாமல் தடுக்கும் நிறுத்தி முட்டும் முன்பே டேம்பரின் தண்டு முட்டினால் பொருத்தியதே தப்பு; தண்டு வளையும், பிராக்கெட் உடையும்.

இருபது கிளிக் உள்ளதில் காந்திபுரம் நெரிசலுக்கும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இரண்டு மூன்று போதும். இறுக்கி வைத்தால் மெதுவான வேகத்தில் வண்டி தானாக நேராகாது, ஓட்டுபவர் திருத்தித் திருத்தியே பாம்பாக நெளியும். சேலம்–கொச்சி நெடுஞ்சாலைக்கு ஐந்தாறு. செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்தில், வளைவிலிருந்து முடுக்கும்போது முன்சக்கரம் லேசாவதால், எட்டிலிருந்து பத்து. எண்கள் டேம்பருக்கு டேம்பர் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் மட்டும் கூட்டி ஓட்டிப் பார்ப்பதே முறை.

முன்சக்கர உதறலுக்குத்தான் இது மருந்து. பின்பக்கமும் சேர்ந்து மெதுவாக அலையும் ஆட்டத்தில் இறுக்கினால் ஆட்டம் கூடவும் செய்யும். அதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் ஏற்றிய மூட்டை, டயர் காற்று, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் ஆகியவற்றில் இருக்கும். உதறலிலும் முதலில் ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டைப் பாருங்கள். அது தேய்ந்திருக்க டேம்பர் மாட்டுவது நோயை மூடிவைப்பது. கடையில் கேட்கும்போது ‘டேப்பர்’ என்று சொல்லிவிடாதீர்கள். கோன் செட் இருக்கும் இடத்தில் போடும் டேப்பர் பேரிங் வேறு பொருள்.

தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் சற்று நேரம் பிடிப்பே இல்லாத அசைவு: முதலாவது சீல் போனதற்கும் இரண்டாவது காற்று புகுந்ததற்கும் அடையாளம். சீல் மாற்றி எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றும் வரை எத்தனை கிளிக் வைத்தாலும் பயனில்லை.