கழுத்து 18 அங்குலம், தூக்கம் அரைகுறை

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி மனைவியோடு வந்தார். வயது 29. ஆணழகன் போட்டிகளில் மேடையேறுபவர். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்: "தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர், போட்டிக்குப் பத்து வாரம்தான் இருக்கு."

கேள்விகளை அவரிடம் கேட்டேன். பதில்கள் மனைவியிடமிருந்து வந்தன. "குறட்டைச் சத்தத்துல பாப்பா எந்திரிச்சு அழுவுதுங்க. சத்தம்கூடப் பரவால்லைங்க, திடீர்னு நின்னு போயிடுது. அப்பத்தான் எனக்குப் பயம். தோளைப் புடிச்சு உலுக்குவேன்."

"ஒர்க்அவுட் அலுப்பு டாக்டர்" என்று அவர் சிரித்தார்.

நாடாவை எடுத்துக் கழுத்தை அளந்தேன். 18 அங்குலம். புஜம், மார்பு, தொடை எல்லாவற்றின் அளவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், கழுத்தை ஒருமுறைகூட அளந்ததில்லையாம்.

ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டினால் தூக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும், மூச்சுப்பாதை குறுகி அடைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி அரைகுறையாக எழுப்பிவிடும். காலையில் இது எதுவும் நினைவிருக்காது. இது தொப்பைக்காரர்களின் நோய் என்றுதான் ஜிம்மில் பலரும் நினைக்கிறார்கள். தசை கட்டியவர்களுக்கும் வரும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரெஜி வைட் 2004 டிசம்பரில் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தபோது அவருக்கு வயது 43. அவருக்கு இருந்த மூச்சுத்தடையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது.

தம்பி கேட்ட மாத்திரையை நான் ஏன் எழுதவில்லை என்றால், ஆல்பிரஸோலம் போன்றவை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நிற்கும்போது எழுப்பிவிடுகிற மூளையையும் மந்தமாக்கும். நண்பர் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டு "நல்லாத் தூங்குனேன்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வீட்டிலேயே ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்குச் சராசரியாக 34 முறை மூச்சு தடைபட்டிருந்தது அல்லது குறைந்திருந்தது. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தாண்டினால் தீவிரம்.

மூச்சுத்தடை மட்டும்தானா என்றால், இல்லை. வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போகிறார். போகும்முன் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் ஒன்றரை ஸ்கூப். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ஒரு ஸ்கூப்பில் 200 மில்லிகிராம் காஃபின். அதில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டுப் படுப்பதும் இதுவும் ஒன்றுதான். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தால்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைகிறது என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

மனைவி வெளியே போனதும் மெதுவாகக் கேட்டேன்: "ஊசி ஏதாவது ஓடுதா தம்பி?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். தசை ஏற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, போட்டி நெருங்கினால் கொழுப்பைக் கரைக்கக் கிளென்பியூட்டரால் என்ற மருந்து. முதலாவது மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடியது, ஹீமோகுளோபினை ஏற்றி ரத்தத்தையும் கெட்டியாக்கும். இரண்டாவது நெஞ்சைப் படபடக்க வைத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். கோச்சுகள் எழுதித் தரும் அட்டவணையில் வேகவைத்த கோழிக்குக்கூட கிராம் கணக்கு இருக்கிறது. தூக்கத்துக்கு ஒரு வரி இல்லை.

அறிவுரை சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. கணக்குச் சொன்னேன். 2010-இல் சிகாகோவில் சிலருக்கு அளவுச் சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவிட்டார்கள். இரண்டு முறையும் இழந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் குறைவாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவு. இழந்ததில் தசைப்பங்குதான் அதிகம். "கட்டிங்ல தசை போகுதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டிக்கு முன் கொழுப்பைக் குறைக்கும் கட்டத்தைத்தான் கட்டிங் என்கிறார்கள்.

பவுடர் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கூடாது என்றேன். சனி, ஞாயிறு காலைப் பயிற்சி. இரவில் பசியோடு படுக்காமல், நாள் முழுவதற்குமான மாவுச்சத்தில் ஒரு பங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒதுக்கச் சொன்னேன். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது கொஞ்சம் உதவும். இவற்றோடு சிபாப் கருவி: மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது. மாஸ்க்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. முதல் வாரம் பாதி இரவில் கழற்றி வீசியிருக்கிறார். மூக்குக்கு ஏற்ற அளவில் வேறு மாற்றியதும் பழகிவிட்டது.

குறட்டை இடையில் நின்று மூச்சுத் திணறி மறுபடி தொடங்குவது, காலையில் தலைவலி, சின்ன வயதிலேயே ரத்த அழுத்தம், பைக் ஓட்டும்போது கண் சொருகுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரல் மருத்துவரையோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஊசி போடுவதையும் மறைக்காதீர்கள். அதைத் திடீரென நிறுத்தினாலும் உடம்பின் சொந்தச் சுரப்பு மீள நாளாகும். அதற்கு ஹார்மோன் மருத்துவர் துணை வேண்டும். இவரையும் அங்கே அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் மறுபடி வந்திருந்தார். வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. மனைவிதான் முதல் சில இரவுகள் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாராம். ஊசியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.