பால் பைத்தானுக்குப் பால் கொடுக்காதீர்கள்

இந்த மார்கழியில் இது மூன்றாவது. போன ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தலையணை உறைக்குள் தன் பாம்பைப் போட்டு எடுத்து வந்தார். கூடவே அவருடைய ஆயா. மேசையில் விட்டதும் பாம்பு தலையை அண்ணாந்து தூக்கி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. மூக்குத் துளையில் வெள்ளை நுரை.

"என்ன கொடுத்தீங்க தம்பி?"

"ரெண்டு மாசமா ஒண்ணும் சாப்பிடல டாக்டர். ஆயா கிண்ணத்துல பால் வச்சாங்க. அதையும் தொடல. அதான் மாமா சிரிஞ்சுல..." அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை.

"அது பேரே பால் பைத்தான்னுதானே ஆத்தா இவன் சொன்னான்? பட்டினி கெடக்கேன்னு மனசு கேக்கல" என்றார் ஆயா.

சூடு கொடுத்தோம், ஊசி போட்டோம், மருந்துப் புகை கொடுத்தோம். நான்காம் நாள் விடிவதற்குள் போய்விட்டது. அந்தப் பையன் ஒழுங்காக நோட்டுப் போட்டு எடை எழுதி வைத்திருந்தார். அக்டோபர் கடைசியில் 960 கிராம். என்னிடம் கொண்டுவந்த அன்று 912. இரண்டு மாதப் பட்டினியில் குறைந்தது 48 கிராம், அதாவது நூற்றுக்கு ஐந்து. வளர்ந்த பாம்புக்கு இது ஒரு குறைவே இல்லை. பட்டினி அதைக் கொல்லவில்லை, நுரையீரலுக்குள் போன பால்தான் கொன்றது.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் இதையே சொன்னார்கள். 'பால்' என்றால் இங்கே பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும், அதனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் எலிவளைகளிலும் கரையான் புற்றுகளிலும் வாழும் பாம்பு அது. கறந்த பாலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

எந்தப் பாம்புக்குமே கிடையாது. பால் என்பது குட்டிக்குப் பாலூட்டும் உயிர்களின் உணவு. பாம்பு முட்டையிலிருந்து வந்தாலும் சரி, குட்டியாகப் பிறந்தாலும் சரி, தாயிடம் பால் குடித்து வளர்வதில்லை. பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு அமையவில்லை. "நான் கண்ணால பாத்திருக்கேன் டாக்டர், பாம்பாட்டி கூடையில பால் குடிச்சுச்சு" என்பார்கள். பார்த்திருப்பீர்கள். நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு அது. தாகத்தில் முன்னால் எந்த ஈரம் இருந்தாலும் உறிஞ்சும். பாம்புக்குப் பால் வார்த்த கதையைப் பழமொழியாகவே கேட்டு வளர்ந்துவிட்டோம், அதனால் சந்தேகமே வருவதில்லை. ஆடி வெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றுவது உங்கள் நம்பிக்கை. அதைப் பற்றி நான் பேசவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் உயிருக்கு ஊற்றாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

சிரிஞ்சு அதைவிட மோசம். பாம்பு வாயைத் திறந்தால் கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளிவரும் இடத்துக்குச் சற்றே பின்னால், ஒரு சின்னத் துளை தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நமக்குப் போலத் தொண்டைக்குள் ஒளிந்திருக்காது, முன்னாலேயே இருக்கும். பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு விட வேண்டுமே, அதற்கான அமைப்பு. அங்கே சிரிஞ்சை வைத்து அழுத்தினால் நேராக நுரையீரல்தான். நமக்குப் புரை ஏறினால் இருமித் துப்பிவிடுவோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நமக்கு இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை பாம்புக்கு இல்லை, அப்படி இரும முடியாது. உள்ளே போனது உள்ளேயே கிடந்து அழுகும். முட்டையை அடித்து ஊற்றுவது, கறிச்சாறு, குளுக்கோஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குழாய் வழியாக உணவு செலுத்தும் முறை எங்களிடம் உண்டு. அதைக்கூட வேறு வழியே இல்லாதபோதுதான் எடுப்போம்.

சரி, அது ஏன் சாப்பிடவில்லை? அந்தப் பையனிடம் தொட்டி இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரண்டாம் கட்டு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, அந்தத் தரையின் மேலேயே கண்ணாடித் தொட்டி. உள்ளே வெப்பமானி 23 டிகிரி காட்டியது. நம் வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து கட்டியவர்கள். கனத்த சுவர், வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் திறந்த முற்றமாக வளவு. சித்திரையில் நமக்குச் சொர்க்கம். மார்கழியில் இந்தப் பாம்புக்கு அது குளிர்பதனப் பெட்டி. தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர், 23 டிகிரியில் எலியை விழுங்கினால் செரிக்காது, வயிற்றிலேயே அழுகிவிடும். அதனால் சாப்பிடாமல் இருக்கிறது. அது நோயல்ல, அந்தப் பாம்பின் புத்திசாலித்தனம்.

தொட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 26 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். தொட்டியை மேசைக்கு ஏற்றுங்கள். சூட்டுப் பாயை ஒரு முனையில் மட்டும், சூடு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத பாய் வயிற்றைப் பொசுக்கும். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். தொட்டிக்குள்ளே தொங்கும் குண்டு பல்பும் வேண்டாம். "வெயில் படட்டும்" என்று வளவு முற்றத்தில் கண்ணாடித் தொட்டியை வைப்பவர்களே, தயவுசெய்து வேண்டாம். அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

ஒளிந்துகொள்ள இரண்டு இடம், சூட்டு முனையில் ஒன்று, குளிர் முனையில் ஒன்று. கவிழ்த்த மண்சட்டியில் வாசல் வெட்டி வைத்தாலே போதும். உடம்பு இரண்டு பக்கமும் உரசுகிற அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். புதிதாக வந்த பாம்பையும் இடம் மாற்றிய பாம்பையும் குறைந்தது ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் தோளிலும் போட்டுப் படம் எடுத்துவிட்டு, அன்று இரவு எலி வைத்தால் எப்படித் தின்னும்?

சட்டை உரிக்கப் போகும் முன் கண் நீலம் பூத்து மங்கும். அப்போதும் பெரும்பாலும் சாப்பிடாது, விட்டுவிடுங்கள். வளர்ந்த ஆண் பாம்பு இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது அதன் இயல்பு. சினையான பெண்ணும் அப்படித்தான்.

இரையைப் பற்றி ஒரு வார்த்தை. புதுவயல் அரிசி ஆலையில் பொறிவைத்துப் பிடித்த எலியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த எலி மருந்து தின்றிருக்கும், அதன் உடம்பில் புழு இருக்கும், உங்களுக்கே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். உயிருள்ள எலி, பசியில்லாத பாம்பைக் கடித்துக் குதறும். முதுகெலும்பு தெரியக் கடிபட்ட பாம்பைத் தைத்திருக்கிறேன். வளர்ப்பு எலியை உறைந்த நிலையில் வாங்கி, முழுவதும் உருகவிட்டு, வெந்நீரில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து, இருட்டிய பிறகு இடுக்கியால் காட்டுங்கள். இந்தப் பாம்பு சூட்டை உதட்டுக் குழிகளால் உணர்ந்துதான் இரையை அறிகிறது. ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே தெரியாது. பாம்பின் உடம்பில் எந்த இடம் மிகப் பருமனோ அதற்கு மேல் எலி பருக்கக்கூடாது. தொடவில்லையா, எடுத்துவிட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பாருங்கள். தினமும் நீட்டி நீட்டிப் பயமுறுத்தினால் இன்னும் மூடிக்கொள்ளும். பிராய்லர் கடைக் கோழித் துண்டு வேண்டாம். எலும்பும் குடலுமாக முழு இரைதான் அதன் உணவு. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செம்மண் காட்டில் பிடித்த மண்ணுளியையும், கண்மாய்க் கரையில் பிடித்த மலைப்பாம்புக் குட்டியையும் "சாப்பிட மாட்டேங்குது" என்று கொண்டுவருகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதற்குத் தீனி யோசனை சொல்ல மாட்டேன், வனத்துறைக்கு போன் செய்வேன். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், அதையும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதியாததால் பயந்துகொண்டு மருத்துவரிடம் காட்டாமல் விடுகிறார்கள். அந்த ஆயாவின் பேரனும் அப்படித்தான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

வாரம் ஒரு நாள் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வாருங்கள். மூச்சில் சீட்டிச் சத்தம், மூக்கில் குமிழி, வாயோரம் சீழ், தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் பொட்டுப்போல் மிதக்கும் உண்ணி, தின்றதைக் கக்குதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைக்குக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள். குட்டிப் பாம்பு ஒரு மாதம் சாப்பிடாவிட்டாலும் அப்படியே.

வரும்போது பருத்தித் தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள் வையுங்கள். பைக் பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் வைத்துக் கொண்டுவராதீர்கள். எடை நோட்டும், தொட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் படமும் கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் வீட்டில் யாராவது பால் காய்ச்சி ஆறவைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.