எந்தப் பசை எப்படி இறுகியது?

கைவேலை முடிந்த மேசையில் வெள்ளைக் கோந்து, ஸ்லைம், ஸ்டிக்கர் துணுக்கு, க்ளூ கன்னிலிருந்து வழிந்த இழை என்று எல்லாமே ஒட்டிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் வெந்நீரும் சோப்பும் என்று இறங்கினால் பாதிதான் போகும். கைக்கு எல்லாம் ஒரே பிசுபிசுப்புதான் என்றாலும் ஒன்று நீரை இழந்து இறுகியது, ஒன்று ஈரம் பட்டதும் இறுகியது, இன்னொன்று சும்மா ஆறி இறுகியது. ஸ்டிக்கர் பசை கடைசிவரை இறுகுவதே இல்லை. இது தெரிந்துவிட்டால் எதை ஊற்றுவது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது.

வெள்ளைக் கோந்தில் இருப்பவை நீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட் நுண்துளிகள். நீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து படலமாகிவிடும். காய்வதற்குள் பார்த்துவிட்டால் தண்ணீரே போதும். காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் அது பழையபடி துளிகளாகப் பிரியாது. ஆனால் படலம் நீரை உறிஞ்சி வெளுத்து, மெத்தென்று ஆகும். அவ்வளவுதான் நமக்கு வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டுவைத்து, பிறகு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் வந்துவிடும். பிடிவாதமான கறைக்கு ஆல்கஹால் உதவும். பாலிஷ் போட்ட மரத்தில் மட்டும் வேண்டாம், பாலிஷும் சேர்ந்து போய்விடக்கூடும்.

ஸ்லைம் கதை இதைவிடச் சுவையானது. கோந்திலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகளோடு போராக்ஸ் (வெண்காரம்) சேர்ந்ததும், அதிலிருந்து வரும் போரேட் அயனிகள் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகின்றன. நூல்களை ஆங்காங்கே லேசாக முடிச்சுப் போட்டதுபோல. முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டும் மறுபடி விழுந்துகொண்டும் இருக்கும். அதனால்தான் வேகமாக இழுத்தால் ஸ்லைம் அறுந்துபோகிறது, சும்மா விட்டால் வழிந்து பரவுகிறது. கம்பளத்தில் விழுந்த ஸ்லைம் காலையில் இருந்ததைவிட மாலையில் ஆழமாக இறங்கியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் பாலம் நிற்க ஓரளவு காரத்தன்மை வேண்டும். வினிகர் ஊற்றினால் அதிலுள்ள அமிலம் போரேட்டைப் போரிக் அமிலமாக்கிவிடும். போரிக் அமிலத்தால் பாலம் போட முடியாது, ஸ்லைம் தளர்ந்து ஓடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முடிச்சுகள்தான் அவிழ்ந்தன, சங்கிலிகள் அப்படியே இருக்கின்றன. அதாவது ஸ்லைம் மறுபடி கோந்தாகியிருக்கிறது. உடனே நீரால் அலசி எடுக்காவிட்டால் அந்தக் கோந்து அங்கேயே காய்ந்து விறைத்துவிடும். அப்புறம், பளிங்குத் தரையில் வினிகரை ஊற்றாதீர்கள். அமிலம் கல்லையே அரிக்கும்.

ஸ்டிக்கர் பசை திரவத்துக்கும் திடப்பொருளுக்கும் நடுவில் நிற்கும் ஒன்று. திரவம்போல மேற்பரப்பில் படிந்து பரவுகிறது, திடப்பொருள்போல இழுப்பைத் தாங்குகிறது. வெடுக்கென்று பிய்த்தால் காகிதம் கிழிந்து பசை தங்கிவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்தால் பெரும்பாலும் முழுதாக வரும். மிச்சமிருப்பதற்குச் சமையல் எண்ணெய் போதும். எண்ணெய், பசையின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அதை ஊதவைக்கும், பிடி தளரும். துணி என்றால் எண்ணெய்க் கறையை எடுக்கப் பாத்திரம் கழுவும் திரவமும் தேவைப்படும். எல்லாக் கறைக்கும் இது ஒன்றே போதும் என்று விற்கப்படும் திரவங்களுக்குக் காசு கொடுப்பதற்கு முன் அடுப்படியில் இருப்பதை முயன்று பார்க்கலாம்.

ஹாட் க்ளூ உருகி ஆறிய பிளாஸ்டிக். அதிலிருந்து நீரோ கரைப்பானோ வெளியேறவில்லை என்பதால் நீருக்கு அசைந்துகொடுக்காது. வெப்பநிலையை மாற்றுவதுதான் வழி. துணியை ஃப்ரீசரில் வைத்தால் பசை விறைக்கும், துணியை வளைத்தால் பட்டென்று விடும். இழைகளுக்குள் இறங்கியதைக் காகிதம் வைத்து இஸ்திரி போட்டு உருக்கினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழைத் துணிக்கு இது ஆகாது. மேசை, கண்ணாடி போன்றவற்றில் விளிம்பில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டால் அது அடியில் ஊர்ந்துபோய்ப் பிடியை விடுவிக்கும். க்ரேயான் மெழுகும் இதே ஜாதிதான்.

சூப்பர் க்ளூவின் கதை தலைகீழ். 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிகாட்டிகளுக்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது கிடைத்த சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூவின் மூலப்பொருள்), தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஓரங்கட்டப்பட்டது. 1958-இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. மேற்பரப்பில் இருக்கும் துளி ஈரமே அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்கிவிடும். ஆகவே சிந்திய பசைமேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் இறுகும். பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைப்பது ஆபத்து. அந்த இழைகளில் வினை மிக வேகமாக நடந்து, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகலாம். இறுகியதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றில் இருப்பது அதுதான். பல பிளாஸ்டிக்குகளையும் அசிடேட் துணியையும் அது கரைத்துவிடும் என்பதால் முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். எளிதில் தீப்பற்றும், அருகில் அடுப்பு எரியக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும்.

ஜிகினாத் தூள் பசையே இல்லை. உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் துணுக்குகளை நிலைமின்சாரம் பிடித்து வைத்திருக்கிறது. காய்ந்த துணியால் தேய்த்தால் மின்னூட்டம் கூடி இன்னும் பரவும். ஈரத்துணியால் ஒற்றுங்கள், உடையில் இருந்தால் ஒட்டும் டேப்பால் தட்டி எடுங்கள். கோந்தோடு சேர்ந்து காய்ந்திருந்தால் கோந்தை இளக்கினாலே கூட வந்துவிடும். அந்த நீரைத் துணியில் வடிகட்டி, தூளைக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் விடாதீர்கள், அது மட்காத பிளாஸ்டிக்.