உதய்பூரில் எடுபட்டது அஞ்செட்டியில் எடுபடுமா?

"ரேண்டமைஸ்டு டிரயல்ல நிரூபிச்சாச்சு சார், அப்படியே இங்கேயும் செய்யலாம்."

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத் தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. இந்த வாசகம் இல்லாத அறிக்கை இப்போதெல்லாம் வருவதே இல்லை. ரேண்டமைஸ்டு டிரயல் என்றால், குலுக்கல் போட்டுச் சில இடங்களில் மட்டும் திட்டத்தைச் செய்து, மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. கடைசியாக வந்தது, குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்மார்களுக்குப் பருப்பு கொடுக்கும் திட்டம். இடம், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைக் கிராமங்கள்.

அந்த அறிக்கை ஆதாரமாகக் காட்டும் மூல ஆய்வில் குறையில்லை. ராஜஸ்தானின் உதய்பூரில் 134 கிராமங்களில் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்டது. எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடந்த இடங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் தட்டுகளும் தந்த இடங்களில் 39.

ஆனால் குலுக்கல் எதற்குப் போட்டார்கள்? கையிலிருந்த கிராமங்களைப் பிரிப்பதற்கு. நாடு முழுவதிலிருந்தும் கிராமங்களைப் பொறுக்கி எடுப்பதற்கு அல்ல. இரண்டும் வேறு வேறு! அங்கே, அந்த மக்களிடம், வித்தியாசம் பருப்பால்தான் வந்ததா என்ற கேள்விக்கு மட்டுமே அந்தக் குலுக்கல் பதில் சொல்லும். உதய்பூரில் இன்னும் ஆயிரம் கிராமங்களைச் சேர்த்திருந்தாலும் அஞ்செட்டியைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. "சாம்பிள் பெரிசு" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

அங்கே 6 சதவீதத்திலிருந்து ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பதுக்கு ஊசி போட்டாகிவிடுகிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அதற்காக யார் மலை இறங்கி வருவார்கள்? விடுபட்டது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பத்தின் பிள்ளையென்றால், முகாம் நாளில் அது ஊரிலேயே இருக்காதே.

ஓரிடத்தில் எடுபட்டது இன்னோரிடத்தில் எடுபடாமல் போனது முன்பும் நடந்ததுதான். நம் மாநிலத்தில் 1980இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்த்து வங்கதேசத்திலும் ஒன்று தொடங்கினார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்று அறிவுரை சொன்னது தாய்க்கு. ஆனால் பல வீடுகளில் சாமான் வாங்கியது ஆண்கள், சோறு பங்கிட்டது மாமியார்.

எழுதுமுன் போய்ப் பாருங்கள். கன்னடமும் தெலுங்கும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழில் மட்டும் கேட்டால் சில வீடுகளில் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். தாய் சேய் அட்டையை வாங்கிப் பாருங்கள். எந்தத் தவணையில் ஊசி நின்றது, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியிலா, அதற்கு முன்பேயா? அந்த மாதம் குடும்பம் எங்கே இருந்தது? இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பருப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை அப்புறம் பேசலாம்.